வாட்ச்மேன் அண்ணன் பி.எஃப் எங்க போச்சு?

இந்த எபிசோட ஜவ்வாது மலைல, ஜமுனாமரத்தூர்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல சேவல் கூவுனா பொறுத்துக்கோங்க. இங்க அபார்ட்மெண்ட் கிடையாது, ஆனா ஓ.எம்.ஆர்ல நான் இருக்கிற அபார்ட்மெண்டுக்கு ராத்திரி காவல் இருக்கிற அண்ணனுக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான்.

போன மாசம் அவர் போனை நீட்டி, "தம்பி, இதுல பி.எஃப் பணம் எவ்ளோ இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னார். பாஸ்புக்க திறந்து பார்த்தா ஏழு மாசமா ஒரு என்ட்ரியும் இல்ல. ஆனா சம்பளச் சீட்டுல மாசாமாசம் பி.எஃப் பிடிச்சிருக்காங்க.

பெரிய அபார்ட்மெண்ட் எல்லாம் இப்ப இப்படித்தான் ஓடுது. அசோசியேஷன் நேரடியா யாரையும் வேலைக்கு வைக்காது. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், எஸ்.டி.பி ஆபரேட்டர்னு எல்லாரும் ஒரு ஃபெசிலிட்டி கம்பெனி ஆளுங்க. 600 வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிட்டு வந்து மோட்டார் ரிப்பேரும் பார்க்க முடியாது, அதனால இந்த ஏற்பாட்டையே நான் தப்பு சொல்லல.

சிக்கல் கொட்டேஷன்ல இருக்கு. பெரும்பாலும் 'ஒரு ஆளுக்கு இவ்ளோ'ன்னுதான் ரேட். நாலு கம்பெனிகிட்ட வாங்கி, குறைஞ்சத எடுப்பாங்க. அந்தக் கம்பெனி எதுல குறைக்கும்? 18 சதவீத ஜி.எஸ்.டி பில்லுலயே நிக்குது, அதுல கை வைக்க முடியாது. யூனிஃபார்ம், டார்ச்ல எவ்ளோ மிச்சம் பிடிச்சிட முடியும்? மீதி இருக்கிறது சம்பளம், பி.எஃப், இ.எஸ்.ஐ.

ஒரு கணக்கு போடுவோம். மாசம் 15,000 சம்பளம்னு வெச்சுக்கோங்க. பி.எஃப் ரெண்டு பக்கமும் 12 சதவீதம், ஆக 3,600. இ.எஸ்.ஐ கம்பெனி பங்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75, ஆக 600. மொத்தம் 4,200 ரூபாய். 40 பேருக்கு 1,68,000. 600 வீட்டுக்குப் பிரிச்சா வீட்டுக்கு 280 ரூபாய். ஒரு பிரியாணி காசு. இத கட்டாம விட்டா அந்தக் கம்பெனிதான் டெண்டர்ல ஜெயிக்கும்!

"அது கம்பெனி பிரச்சினை, நமக்கென்ன"ன்னு எங்க குரூப்ல ஒருத்தர் போட்டார். அப்படி இல்ல. 1952 பி.எஃப் திட்டத்துலயே, அது பொருந்துற இடத்துல, ஒப்பந்தக்காரர் மூலமா வர்ற ஆளுக்கும் பணம் போய்ச் சேர வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளிக்குன்னு இருக்கு. கட்டிட்டு ஒப்பந்தக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். அப்புறம், சம்பளத்துல பிடிச்ச பணத்தக் கட்டாம வெச்சுக்கிறது கிரிமினல் குற்றம்.

நம்ம ஐ.டி மக்களுக்குப் பிடிச்ச மேட்டர் இதுதான். ஈ.பி.எஃப்.ஓ சைட்ல 'எஸ்டாப்ளிஷ்மெண்ட் சர்ச்'னு ஒரு பக்கம் இருக்கு. லாகின் வேணாம். கம்பெனி பேரைப் போட்டா எந்த மாசம், எத்தனை பேருக்கு, எவ்ளோ கட்டியிருக்காங்கன்னு வரும். உங்க கேட்ல மட்டும் 40 பேர் நிக்கிறாங்க, அங்க மொத்தமே 25 பேருக்குத்தான் கட்டியிருக்காங்கன்னா கதை முடிஞ்சது. அதோட, மாசாமாசம் பி.எஃப் சலானும் பேர் பட்டியலும் கொடுத்தாத்தான் அடுத்த பில் பாஸ் ஆகும்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி சேருங்க. செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 2005 சட்டப்படி லைசென்ஸ் வேணும், அதையும் கேளுங்க.

அண்ணன் விஷயம் என்னாச்சுன்னா, மொதல்ல கம்பெனி "சர்வர் பிரச்சினை"ன்னாங்க. ஏழு மாசமா சர்வர் டவுனா! அசோசியேஷன் ஒரு மாச பில்ல நிறுத்தி வெச்சதும் மூணு மாசப் பணம் பாஸ்புக்ல ஏறிடுச்சு. இன்னும் நாலு மாசம் பாக்கி. வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டி மீட்டிங், கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறதுதான் முதல் அஜெண்டா. போறேன்.