வீட்டில் ஒரு மத்திக் குழம்பு



குழம்பு வைப்பதைப் பற்றிப் பேசப் பஞ்சாயத்துக் கூட்டம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களுக்கு மீன் கூடை வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிடுகின்றது. அந்த மீனை எப்படி வாங்குகிறோம், எப்படிச் சமைக்கிறோம் என்பதில் நம் குழந்தைகளின் உடல்நலம் அடங்கியிருக்கின்றது.

விலையுயர்ந்த வஞ்சிரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மத்தி எனவும் சாளை எனவும் வழங்கும் சிறுமீனில் புரதமும், இதயத்திற்கு நன்மை தரும் கொழுப்பும் மிகுந்துள்ளன. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேருகின்றது.

வாங்கும்போது செவுள் சிவந்திருக்கின்றதா, கண் தெளிந்திருக்கின்றதா என்று பாருங்கள். விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும்ப வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை முதலிய மீன்கள் பிடிபட்டபின் வெப்பத்தில் கிடந்தால், ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் பெருகிவிடும். நன்றாகக் கொதிக்கவைத்தால் கெடுதல் போய்விடும் என்று பலர் நம்புகின்றனர். போகாது, எவ்வளவு கொதித்தாலும் அப்பொருள் அழிவதில்லை. அத்தகைய மீனை உண்டவர்க்குச் சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். வாந்தியும் பேதியும் காணலாம். புளியும் மிளகாயும் நாற்றத்தை மறைக்குமேயன்றி நஞ்சை முறிக்கமாட்டா.

இனிச் சமையலுக்கு வருவோம். அரைக் கிலோ மத்தியைச் செதிலும் குடலும் செவுளும் நீக்கி, உப்பும் மஞ்சளும் தடவிக் கழுவுக. எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து வைத்துக்கொள்க. மண்சட்டியே உத்தமம், ஈயம் பூசாத பித்தளையில் புளி வெந்தால் களிம்பேறும். மூன்று மேசைக் கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, 15 சின்ன வெங்காயமும் 8 பல் பூண்டும் வதக்கி, 2 தக்காளியைச் சேர்த்துக் குழைய விடவேண்டும். பிறகு இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், மூன்று தேக்கரண்டி மல்லித்தூள், சிறிது மஞ்சள்தூள், புளிக்கரைசல், உப்பு. பச்சை வாடை நீங்கி எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கட்டும். அவசரப்பட்டு மீனை முன்னரே போடுவதால்தான் குழம்பு பச்சையாகவும் மீன் கரைந்தும் போகின்றன. மீனைக் கடைசியில் போட்டு, ஏழெட்டு நிமிடம் மெல்லிய தீயில் வைத்தால் போதும். அகப்பையால் கிளறலாகாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றுவது அவரவர் விருப்பம். மறுநாள் குழம்புக்கே ருசி அதிகம் என்பாரோடு நாங்கள் வாதிடப் போவதில்லை. ஆனால் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைய குழம்பை அன்றே முடித்துவிடுவது நலம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. அக்காலத்தில் ஊர்க்குளத்துக் கட்லாவும் ரோகுவும் கைகொடுக்கும். குளத்து மீனின் சேற்றுவாடைக்கு அஞ்சவேண்டாம். புளி அதைக் குறைத்துவிடும்.

உறுப்பினர்களுக்கு ஒரு சொல். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் வெயிலில் அமர்ந்திருக்கும்வரை, மேற்சொன்ன எச்சரிக்கையால் பெரும்பயன் விளையாது. நிழல்தரும் கூரை, கழுவக்கூடிய சிமெண்டு மேடை, குழாய் நீர், கழிவுநீர் வடிகால் ஆகியவற்றை அமைத்துக் கொடுங்கள். மீனின் எடைக்கு எடை பனிக்கட்டி வேண்டும் என்பது கணக்கு. அது காலையிலேயே சந்தைக்கு வந்துசேர வழி என்னவென்று அடுத்த கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.