பிறந்த முதல் வாரமே முக்கியம்: உதட்டுப் பிளவும் குழந்தையின் மூக்கும்

உதட்டிலும் அண்ணத்திலும் பிளவோடு ஒரு குழந்தை பிறந்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு, "கிரகணத்துல வெளியே போனாளா?" என்பதுதான். அப்படியெல்லாம் இல்லீங்க. கருவின் முதல் மூன்று மாதத்தில் முகம் உருவாகும்போது, இரு பக்கத் திசுக்களும் சேராமல் நின்றுவிடுவதால் வருவது இது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாயைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்த கேள்வி, "ஆபரேஷன் எப்போ?" உதட்டுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்தில். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்திற்குள். இதைக் கேட்டதும், "சரி, மூணு மாசம் கழிச்சு வரலாம்" என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வீணாகக் கூடாத காலமே அந்த மூன்று மாதம்தான்.

ஏன் தெரியுமா? உதடும் ஈறும் பிளந்திருக்கும் குழந்தைக்கு மூக்கும் கோணியிருக்கும். பிளவுப் பக்கத்து நாசித் துவாரம் அகன்று, தட்டையாகப் படிந்திருக்கும். (அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால் மூக்கு இப்படி ஆவதில்லை.) பிறந்த சில வாரங்களுக்கு மூக்கின் குருத்தெலும்பு மிகவும் இளகி இருக்கும். தாயிடமிருந்து வந்த ஹார்மோனின் தாக்கம் குறையக் குறைய அது விறைத்துவிடும். இளகியிருக்கும்போதே வளைத்தால்தான் வளையும்.

இதற்காக 1990-களில் நியூயார்க்கில் டாக்டர் கிரேசன் குழுவினர் உருவாக்கிய முறை இன்று நம் நாட்டிலும் செய்யப்படுகிறது. குழந்தையின் வாயில் அளவெடுத்து ஒரு சின்ன பிளேட் செய்வார்கள். உதட்டை பிளாஸ்திரியால் இழுத்து ஒட்டுவார்கள். வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ பிளேட்டைச் சரிசெய்ய, ஈறின் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அது 5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும், மொச்சைக்கொட்டை வடிவ நுனியுள்ள ஒரு கம்பியை பிளேட்டில் பொருத்தி, மூக்கை உள்ளிருந்து மெல்லத் தூக்கிவிடுவார்கள். இதில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

ஆனால் பெற்றோருக்கு வேலை அதிகம். பிளேட்டைத் தினமும் கழுவி மாட்ட வேண்டும். கன்னம் சிவந்தாலோ, வாயில் புண் வந்தாலோ, பிளேட் தளர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டணும். வீட்டிலேயே நீங்களாக எதையும் வளைக்க வேண்டாம். பால் கொடுக்கும்போது குழந்தையைத் தலை நிமிர்த்தி வைத்து, சங்கிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

இது ஆபரேஷனுக்கு மாற்று அல்ல. பிளவு சிறுத்து, மூக்கும் நிமிர்ந்திருந்தால் அறுவை மருத்துவரின் வேலை எளிதாகும் என்பதே பலன். காலம் தாண்டிவிட்டதே என்று மனம் தளரவும் வேண்டாம். மூக்கைப் பிறகு அறுவை மூலம் திருத்த வழி உண்டு.

எங்கே போவது? 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறவிக் குறைபாடுகளில் ஒன்றாக இதுவும் சேர்க்கப்பட்டுள்ளது. பிரசவ வார்டிலேயே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டுவார். 104-ஐ அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். "மூக்கைச் சரிசெய்யும் பிளேட் எங்கே போடறாங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

குழந்தையைத் துணி போட்டு மறைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே தூக்கிக்கொண்டு வாங்க.