கட்டணம் கட்டாத மேன்முறையீடு



தோற்ற வழக்கை மேல்மன்றுக்குக் கொண்டுபோக நமக்கு உரிமை உண்டு. ஆனால் கட்டணம் கட்டாவிட்டால், நியாயம் யார் பக்கம் என்று பார்க்காமலே அது தள்ளுபடியாகலாம்.

பிரித்தானியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2013 ஜூலையில் அங்கே தொழில் வழக்குகளுக்குக் கட்டணம் வைத்தார்கள். சம்பள நிலுவை கேட்டு விசாரணை வரை போக 390 பவுண். வேலைநீக்க வழக்குக்கு 1,200. தோற்று மேன்முறையீடு செய்தால் இன்னும் 1,600. குறித்த நாளில் கட்டாத மேன்முறையீட்டை நீக்கிவிடலாம். வழக்குகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. நிலுவையே 390 பவுண் இல்லாதவர் எப்படிப் போவார்?

யுனிசன் தொழிற்சங்கம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. கீழே இரண்டு மன்றுகளிலும் தோற்றது, விடவில்லை. 2017 ஜூலை 26இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, அந்தக் கட்டணம் சட்டவிரோதம் என்றார்கள். அரசாங்கம் கட்டணத்தை நிறுத்தியது. வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. தனி ஒரு தொழிலாளியால் நான்கு வருடம் இப்படி நின்றிருக்க முடியுமா? சந்தாப் பணம்தான் நின்றது.

நமது நாட்டிலும் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். செலவுப் பிணையும் கட்ட வேண்டும். பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதற்கும் நாள் வேண்டும்.

ஆகவே தீர்ப்புக் கடதாசியை அலுமாரியில் வைக்காதீர்கள். அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். சிங்களத்தில் இருந்தால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.