கேடயச் சுரப்பியும் நம் இல்லத்துப் பெண்களும்



தமிழாசிரியைக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தைராய்டு என்னும் பெயர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. தமிழில் அதனைக் கேடயச் சுரப்பி என்பதும் அதனாலேயே. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிபோல் அமைந்த இச்சுரப்பியின் இயக்குநீரே உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, செரிமானம், மாதவிலக்கு, மனநிலை ஆகியவற்றை நெறிப்படுத்துகிறது. அந்நீர் சுரக்க அயோடின் வேண்டும். நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒருவர் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது!

அரூர் வட்டத்துச் சித்தேரி மலையில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் கண்ட ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கல்லுப்பை நீரில் அலசி, அடுப்போரம் திறந்த சட்டியில் வைப்பார்கள். தூய்மை கருதிச் செய்வதுதான். ஆனால் சேர்த்த அயோடின் அலசும்போதே நீரோடு போய்விடும். எஞ்சியது ஈரத்திலும் வெப்பத்திலும் குறையும். மலை மண்ணில் உள்ள அயோடினையோ மழை நெடுங்காலமாகக் கடலுக்கு அடித்துச் சென்றுகொண்டிருக்கிறது. மண்ணில் இல்லாதது அங்கு விளையும் தானியத்திலும் இராது. கடலுணவு உண்போர்க்கு வேறு வழி உண்டு. மீனைத் தொடாத நமக்கு உப்பும் பாலுமே வழி. அலசும் வழக்கம் மலையில் மட்டுமன்று, சமவெளியில் நம் இல்லங்களிலும் உண்டு என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள்.

உப்பின் பயனை நம் நாட்டிலேயே மெய்ப்பித்துக் காட்டினார்கள். 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் குழுவினரும் ஊர்களை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் முதலிரு பகுதிகளில் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. இன்றைய விதிப்படி நம் கைக்கு வரும் ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடினேனும் இருத்தல் வேண்டும்.

இப்போது இந்துப்பு மோகம் பரவியுள்ளது. நோன்பு நாளில் சிறிது பயன்படுத்துவதில் குறையில்லை. ஆண்டு முழுவதும் அதுவே என்றால், உறையில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இயற்கையானது என்ற ஒரு சொல்லுக்கே நாம் எளிதில் மயங்கிவிடுகிறோம்.

எனினும் உப்பினால் எல்லாம் தீர்ந்துவிடாது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களிலும் பெண்களைக் குறை சுரப்பு மிகுதியாகத் தாக்குகிறது. உடலின் காப்பாற்றலே சுரப்பியைப் பகையெனக் கருதி அழிப்பது அதற்கு முதன்மைக் காரணம். 1912-இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. ஓயாத களைப்பு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மலச்சிக்கல், மிகுதியான மாதப்போக்கு, காரணமற்ற சோர்வு ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றைச் சோம்பல் என்று மாமியாரும், வயதாகிவிட்டது என்று அவளே தனக்குத்தானும் சொல்லிக்கொள்வதால் ஆண்டுகள் வீணாகின்றன. டி.எஸ்.ஹெச். என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்றே பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்தது. பெண் பார்க்கும் படலத்தில் தைராய்டு மாத்திரையை மறைக்கிறோம். பெண்ணும் அதனை மறைத்தே புகுந்த வீட்டில் விழுங்குகிறாள், இயலாதபோது விட்டுவிடுகிறாள். சில திங்களில் கருவுறுகிறாள். கருவிலிருக்கும் குழந்தையின் சுரப்பி முதல் மூன்று திங்கள் அளவும் வேலை செய்யாது. அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் இயக்குநீரே துணை. அக்காலத்தில் மாத்திரையின் அளவைக் குறைப்பதன்று, பெரும்பாலும் கூட்டவே வேண்டியிருக்கும். மறைத்தவள் யாரிடம் சென்று கேட்பாள்? நாளும் ஒரு சிறு மாத்திரையால் சீராகிவிடும் குறையைக் குலக்குறைபோல் பேசுகிற பெரியவர்களைத்தான் நான் குற்றம் சொல்வேன். மணமகன் வீட்டார் தாமே முன்வந்து, "மாத்திரை உண்டா அம்மா? வேளை தவறாமல் சாப்பிடு" என்று சொன்னால் பாதிச் சிக்கல் அன்றே தீரும்.

நோன்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். இம்மருந்து உடலில் ஏறத்தாழ ஏழு நாளில்தான் பாதியாகக் குறையும். ஆகவே ஒருநாள் உண்ணாநோன்பில் தவறினால் பெருங்கேடில்லை. தசலக்ஷண பர்வத்தின் பத்து நாளும் நிறுத்துவது வேறு. அதனை மருத்துவரைக் கேளாமல் செய்தலாகாது. கருவுற்றவர்கள் ஒருநாளும் நிறுத்தலாகாது. மற்ற நாள்களில் காலையில் வெறும் வயிற்றில் நீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் பாலும் அருந்துக. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

"இம்மருந்து உயிர்க்கொலையால் வருவதா?" என்று ஓர் அம்மையார் என்னிடம் வினவினார். நியாயமான ஐயமே. 1914-இல் கெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர் தைராக்சினை முதன்முதலில் பிரித்தெடுத்தது பன்றிகளின் சுரப்பிகளிலிருந்துதான். சுமார் 33 கிராம் பெற மூன்று டன் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம். 1920-களில் அதனைச் செயற்கையாக ஆக்கும் முறை கண்டறியப்பட்டது. இன்று நாம் வாங்கும் தைராக்சின் ஆய்வுக்கூட வேதிமுறையில் ஆக்கப்படுவதே. மாத்திரையில் கலக்கும் பிற சேர்மானங்களைப் பற்றி ஐயமிருப்போர் மருந்தாளுநரிடமோ தயாரிப்பாளரிடமோ கேட்டுத் தெளியலாம். அதுவரை மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டாம்.