காதோரத்து நுளம்பு

யாழ்ப்பாணத்தில் விளக்கு வைக்கும் வேளையில் வேப்பிலைப் புகை போடாத வீடு முற்காலத்தில் அரிது. புகை அடங்கியதும் காதோரத்தில் அந்த மெல்லிய ஓசை மீண்டும் எழும். பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ளோர் கொசு என்பர். இங்குள்ளோர்க்கு அது நுளம்பு. உடம்பில் வேறிடமே இல்லாததுபோல் அது காதையே நாடுவது ஏன்?

நைஜீரியாவில் வாழும் இக்போ மக்கள் இதற்கொரு கதை வைத்திருக்கின்றனர். முன்னொரு காலத்தில் நுளம்பு, காதை மணஞ்செய்ய விரும்பிப் பெண் கேட்கச் சென்றதாம். காதோ தரையில் விழுந்து சிரித்தது. எலும்புந் தோலுமான இந்த மாப்பிள்ளை எத்தனை நாளைக்கு உயிரோடிருக்கப் போகிறார் என்று ஏளனஞ் செய்தது. அவமானப்பட்ட நுளம்பு அன்று முதல் அவ்வழியாற் போகும்போதெல்லாம், தான் இன்னும் சாகவில்லை என்று காதுக்குச் சொல்லிச் செல்கிறதாம். நாம் விடும் மூச்சை மோப்பம் பிடித்துப் பெண் நுளம்பு தலைப்பக்கம் வருகிறது என்பது விஞ்ஞானிகள் கூறும் விடை. ஆயினும் இலங்கையின் மலேரியா வரலாற்றை அறிந்தோர்க்கு, இக்போ மக்களின் விடையே பொருத்தமாகத் தோன்றும்.

மலேரியாவை யாழ்ப்பாணத்து முதியோர் குலைப்பன் காய்ச்சல் என்றனர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். காய்ச்சலுக்குப் பேர்போன இடம் வன்னி. பழைய குடும்பங்களின் கதைகளைக் கிளறினால், வன்னிக்கு வயல் செய்யப் போய் நடுக்கத்தோடு திரும்பிய பாட்டன் ஒருவர் தட்டுப்படுவார். சதுப்பு நிலத்து நச்சுக் காற்றே நோய்க்குக் காரணம் என அக்காலத்து மருத்துவர்களும் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1884ஆம் ஆண்டு மறைந்தபோதும் நுளம்பின் குற்றம் வெளிப்பட்டிருக்கவில்லை. 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ், நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

யாழ்ப்பாணத்து இளைஞர் புகைவண்டிப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை தேடி மலாயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. அங்கே 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் விரைவிலேயே மலேரியாவால் முடங்கிற்று. மல்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நீரை வடிப்பித்து அதனை மீட்டார்.

இலங்கையில் அப்படி எளிதாக முடியவில்லை. 1934இல் மழை பொய்த்தது. தென்மேற்குப் பகுதி ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றிற் பெருகிய நுளம்பால் பரவிய கொள்ளைநோய், அடுத்த ஆண்டு ஓய்வதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. 1946 தொடக்கம் வீடு வீடாக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டோர் 17 பேரே. வெற்றி கிட்டியதென்று தெளிப்பதை நிறுத்தினர். இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். காது சிரித்த கதைதான்! அதற்குள் நுளம்பும் டி.டி.ரி.க்குப் பழகத் தொடங்கியிருந்தது.

பின்னர் நடந்த நெடும் போராட்டத்தின் பயனாக, உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டு முடியுமுன் மன்னார்க் கிணறுகளில், இந்தியப் பட்டினங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு அகப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் யாழ்ப்பாணத்திலும் அதனைக் கண்டனர். ஆபிரிக்காவையும் அது விடவில்லை. ஜிபூட்டியில் 2012ஆம் ஆண்டே தென்பட்டது. ஆறும் குட்டையும் இந்நுளம்புக்குத் தேவையில்லை. கிணற்று நீரும், மூடாத தொட்டி நீரும் போதும். டெங்கு பரப்பும் நுளம்போ யாழ்ப்பாணக் கடலோரத்து உவர்நீரிலும் முட்டையிட்டுப் பெருகக் கற்றுக்கொண்டது.

ஆறில்லாத குடாநாட்டுக்குக் கிணறே உயிர். அதனைத் தூர்க்க முடியாது. குடிக்கும் நீரில் நஞ்சு தெளிக்கவும் முடியாது. கூத்தம்பியைத் தின்னும் சிறு மீன்களை விடுவது ஒரு வழி. புழக்கத்திலுள்ள கிணற்றில் இதனைச் செய்வது எளிது. பூட்டிக் கிடக்கும் வீடுகளே தொல்லை. மலாயாவுக்குப் போனவர்களிற் பலர் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினர். போர்க்காலத்திற் போனவர்களோ ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளை கண்டுவிட்டனர். சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையைத் தட்டினால், திறப்பு அடுத்த ஒழுங்கையில் உறவினர் ஒருவரிடம் இருப்பதாக அயலார் சொல்வர். உள்ளே, துலா இற்று விழுந்த கிணற்றில், எவரும் அள்ளாத தண்ணீர் தெளிந்து கிடக்கும்.