துவர் என்னும் சொல்: சாயப் பானையும் காப்பிப் பாத்திரமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் ‘துவர்’ என்றொரு சொல் உண்டு. அறுசுவையுள் ஒன்றாகிய துவர்ப்புக்கு அதுவே அடி. செந்நிறத்துக்கும் அதுவே பெயர். துறவியர் உடுத்த காவியாடை துவராடை எனப்பட்டது. கடுக்காய், நெல்லி, தான்றி, நாவல் முதலியவற்றைப் பத்துத் துவர் எனத் தொகுத்து வைத்தனர் முன்னோர். நாவில் படும் சுவையும் துணியில் ஏறும் நிறமும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு குடிபுகுந்தன? இவ்வினாவுக்கு அகராதியைவிட அடுப்படி தெளிவாக விடை கூறும்.

துவர்ப்பைத் தரும் பொருளை வேதியியலார் டானின் என்பர். கடுக்காயை மென்றதும் நாக்கு சுருங்குவது ஏன்? அப்பொருள் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. அதே பற்றும் இயல்பு பருத்தி நூலிடத்தும், இரும்பு, படிகாரம் ஆகியவற்றின் உப்புகளிடத்தும் தொழிற்படுகிறது. நூலுக்கும் நிறத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கும் பொருள்களுள் அது முதன்மையானது. கடுக்காய்ச் சாறு மங்கிய மஞ்சள் நிறமுடையது. அன்னபேதி என்னும் இரும்பு உப்பு அதில் சேர்ந்தவுடன் அது கருத்துவிடும். பழங்காலத்தில் வீட்டிலேயே காய்ச்சிய எழுதுமையும் இக்கூட்டினால் ஆனதே. மஞ்சளுக்கும் அவுரிக்கும் இந்த விதி பொருந்தாது. அவற்றின் வழி வேறு. ஆயினும் நிறந்தரும் பட்டைகள், காய்கள், தோல்கள் பலவற்றுக்கு நாக்கே முதல் உரைகல்.

வெள்ளை வேட்டியில் சிந்திய காப்பியைக் கறை என்கிறோம். வடித்தபின் எஞ்சும் காப்பிச் சக்கையைக் கொதிக்கவைத்து, படிகார நீரில் ஊறிய துணியை அதில் இட்டால் இளம்பழுப்பு நிறம் ஏறுகிறது. சிறிதளவு அன்னபேதி சேர்ந்தால் அப்பழுப்பு சாம்பற் சாயலுக்குத் திரும்புகிறது. அதற்குப் பெயர் சாயம். இரண்டிலும் பொருள் ஒன்றே. துணியை முன்னரே பதப்படுத்துவது, நிறத்தை நிறுத்தும் உப்பைத் தேர்வது, பொறுத்திருப்பது ஆகிய மூன்றும் கூடும்போது கறை சாயமாகிறது. இம்மூன்றையும் அறிந்த கைகளையே கைவினை நுட்பம் என்று போற்றுகிறோம்.

அந்நுட்பம் சோழமண்டலக் கரையில் எத்துணை வளர்ந்திருந்தது என்பதற்கு ஒரு கடிதம் சான்று. தென்னகத்தில் பணியாற்றிய பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி கேர்தூ, துணியில் வண்ணம் தீட்டும் முறையை 1742இல் விரிவாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி 1767இல் எழுதியவரும் இவரே. சொற்களின் உறவை ஆராய்ந்த அவர், அதற்கு முன்னரே நிறங்களின் உறவைக் குறித்துக்கொண்டார். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்ப்பது அம்முறையின் தொடக்கப் படி. பாலின் கொழுப்பு, பின்னர் இடப்படும் உப்புக் கரைசல் துணியில் பரந்து கசியாதவாறு காக்கிறது. கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் கருமை நிறத்துக்காகத் துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவிட்டுப் பல நாள் புளிக்கவைக்கின்றனர். பால், வெல்லம், கடுக்காய், பழைய இரும்பு என எல்லாம் வீட்டுப் பொருள்களே. அவை சேரும் வரிசையில்தான் கலை இருக்கிறது.

அக்கடிதத்தில் வருந்தத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. புதிதாகக் கிறித்தவம் தழுவிய சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்ததாகவே துறவியார் எழுதுகிறார். எழுதியவர் பெயர் இருநூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கவில்லை.

சாயப் பானையையும் காப்பிப் பாத்திரத்தையும் நேராகவே இணைக்கும் செடி ஒன்று தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் மழைக்குப் பின் தானே முளைக்கிறது. அதன் பெயர் தகரை. அதன் இளந்தளிர் கீரையாகும். அதன் விதைக்கு இருவகைப் பயன் உண்டு. அவுரியின் நீலம் நீரில் கரையாது. தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்புடன் தொட்டியில் இட்டால், அது புளித்து நீலத்தைக் கரையும் நிலைக்குக் கொண்டுவரும். அத்தொட்டியில் தோய்ந்த துணி பசுமஞ்சளாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். அதே விதையை வறுத்துப் பொடித்துக் காப்பிக்கு மாற்றாகக் காய்ச்சிக் குடித்ததும் உண்டு. ஆங்கிலேயர் காலத் தாவர நூல்கள் இருபயனையும் பதிவு செய்துள்ளன. ஜப்பானிலும் கொரியாவிலும் வறுத்த தகரை விதைப் பானம் இன்றும் அருந்தப்படுகிறது.

மாற்று என்பதைத் தாழ்வாக எண்ண வேண்டுவதில்லை. நெப்போலியன் 1806இல் பிரிட்டனுக்கு எதிராகக் கடல் வணிகத்தைத் தடுத்தபோது காப்பிக்கொட்டை அரிதாயிற்று. பிரெஞ்சு மக்கள் சிக்கரிக் கிழங்கை வறுத்துப் பொடித்துக் குடித்தனர். தட்டுப்பாடு நீங்கியபின்னும் சிக்கரி நீங்கவில்லை. இன்று தமிழர் இல்லங்களின் வடிகட்டியில் கருநிறத்தையும் அடர்த்தியையும் தருவது பெரும்பாலும் அதுவே. மேலடுக்கில் பொடியை இட்டு, தட்டால் மெல்ல அழுத்தி, கொதிநீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருப்பது சாயத் தொழிலின் பொறுமைக்கு ஒப்பானது. பொடியை இறுக அழுத்தினால் நீர் இறங்காது. தளர விட்டால் நீர் ஓடிவிடும், சாரம் இறங்காது. அவ்வழுத்தத்தின் அளவை எந்த நூலும் சொல்லாது, விரல் சொல்லும்.

காப்பி என்ற சொல்லின் கதையும் கவிஞர்க்குச் சுவையூட்டும். ஏ. ஆர். வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் 2000இல் வெளிவந்தது. தமிழர் வாழ்வில் இப்பானம் புகுந்த வரலாற்றை அது ஆராய்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் குளம்பி என்றும் கொட்டை வடிநீர் என்றும் பெயர் சூட்டினர். மக்கள் நாவோ காப்பியை விடவில்லை. அதற்கும் மேலே சென்று சுக்குக் காப்பி, மல்லிக் காப்பி என்று வழங்கியது. இவற்றில் காப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லை! பொருள் வடிந்த பின்னும் சொல் தங்கிவிட்டது. மொழியில் ஏறிய சாயம் என்று இதனைச் சொல்லலாம்.

இனி, இக்கலை மங்கிய கதை. 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர், தம் வீட்டு ஆய்வறையில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைச் செய்ய முயன்றார். கிடைத்தது கரிய கசடு. அதனைச் சாராயத்தால் கழுவியபோது ஊதா நிறம் தோன்றியது. கறையென எறியாமல் பட்டுத்துணியைத் தோய்த்துப் பார்த்தார். முதற் செயற்கைச் சாயத் தொழில் அவ்வாறு பிறந்தது. தமிழ்நாட்டில் இம்பூறல் எனப்படும் சாயவேரின் செந்நிறப் பொருளாகிய அலிசரின் 1868இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது. 1897இல் ஜெர்மன் நிறுவனமொன்றின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேரைத் தோண்டுவோர் குறைந்தனர். அவுரி வயல்கள் சுருங்கின. தகரை மீண்டும் களையாயிற்று. வீட்டுக் கைத்திறனை வீழ்த்திய புதுமையும் ஒரு வீட்டுக் கைத்திறனிலிருந்தே தோன்றியது என்பது எண்ணத்தக்கது. ஆகவே பழமையை வணங்கிப் புதுமையை வைதலால் பயனில்லை.

இயற்கை என்ற பெயரே தூய்மைக்குச் சான்றும் ஆகாது. நிறத்தை நிறுத்தும் உப்புகளுள் நஞ்சானவையும் உண்டு. சாயம் காய்ச்சிய பானை சமையலுக்குத் திரும்பலாகாது என்பது சாயமிடுவோர் விதி. எது குவளைக்கு உரியது, எது தொட்டிக்கு மட்டும் உரியது, எது இரண்டுக்கும் உரியது என்று பகுத்தறிந்ததே அவ்வறிவின் உயிர்நிலை. சொற்கள் அழிந்தால் இப்பகுப்பும் அழியும். கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும்; அடுப்படிச் சொற்களைக் காக்காது.

பத்தாண்டுகள் கவிதை கேட்டும் விவாதித்தும் வளர்ந்த வட்டத்துக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. அன்னபேதி, இம்பூறல், தகரை, துவர் ஆகிய சொற்களைச் செயலோடு அறிந்த முதியோர் இன்னும் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களுள் பெண்களே பலர். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருவரிடமாவது சென்று கேட்டு எழுதட்டும். பொருளும் அளவும் மட்டும் போதா. எதன்பின் எது என்ற வரிசையும் வேண்டும். வரிசை தவறினால் சாயம் கறையாகிவிடும். குறிப்பின் தலைப்பில், எழுதுபவர் பெயருக்கு முன்னர்ச் சொன்னவர் பெயர் இடம்பெற வேண்டும். 1742ஆம் ஆண்டின் கடிதம் செய்யாது விட்டது அது ஒன்றே.

வட்டத்தின் பணி தொடர்க.