எந்த வாசல் வழியாக வந்தார்கள்?
அமெரிக்காவில் சீனரும் கென்யரும்: ஓர் ஒப்பீடும் நமக்கான பாடமும்



தலித் இலக்கிய மேடையில் சீனரைப் பற்றியும் கென்யரைப் பற்றியும் என்ன பேச்சு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நாம் கேட்கும் வாதங்களில் ஒன்று அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. சீனர்கள் வெறுங்கையோடு போனார்கள், யாரும் சலுகை தரவில்லை, உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், உயர்ந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து போன கென்யர்கூடப் பட்டம் வாங்குகிறார்கள். அப்படியிருக்க, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் கறுப்பின மக்கள் ஏன் பின்தங்கியிருக்கிறார்கள்? அவர்கள் பண்பாட்டில்தான் கோளாறு. இப்படிப் போகிறது அந்த வாதம். அதன் அடுத்த வரி எப்போதும் நம்மை நோக்கித்தான் வரும். எழுபது ஆண்டுகளாகச் சலுகை கொடுத்தும் நீங்கள் ஏன் முன்னேறவில்லை என்று கேட்பார்கள்.

இதற்குக் கோபம் மட்டும் பதிலாகாது. அந்த ஒப்பீட்டையே பிரித்துப் பார்க்க வேண்டும். சமூகவியல் படித்தவளாக இன்று அதைத்தான் செய்யப் போகிறேன்.

முதலில் சீனர். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் தென் சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். ஆறே ஆண்டுகளில், 1854இல், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணெதிரே கொலை நடந்தாலும், பார்த்தவர் சீனர் என்றால் அது சாட்சியம் ஆகாது. வன்கொடுமை வழக்குகளுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1860களில் சியரா நெவாடா மலையைக் குடைந்து சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதை போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். வெள்ளைத் தொழிலாளிக்கு நிறுவனமே சாப்பாடு போட்டது. சீனத் தொழிலாளி தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனர் சம கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் மலைக்குப் போகும் உணவை நிறுத்தியது. பசி வென்றது. 1885இல் வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க ஊரில் குறைந்தது 28 சீனர் கொல்லப்பட்டார்கள், குடியிருப்பு கொளுத்தப்பட்டது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

சுரங்கத்திலிருந்தும் ஆலைகளிலிருந்தும் விரட்டப்பட்டவர்கள் சலவைக்கடைகளில் ஒதுங்கினார்கள். அங்கும் விடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வந்தது. விண்ணப்பித்த சீனர் ஏறத்தாழ 200 பேருக்கும் மறுப்பு. சீனரல்லாத ஏறத்தாழ 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. இது பாகுபாடு என்று 1886இல் யிக் வோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. சலவை சீனருக்கு இயல்பான தொழில் என்றார்கள். நூறாண்டு கழித்து, சிறுதொழில் நடத்துவது அவர்களின் பண்பாடு என்று பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தை ஒரு வேலைக்குள் தள்ளி அடைத்துவிட்டு, அதுதான் அவர்களின் பிறவிக் குணம் என்று சொல்வது நமக்குப் புதிய செய்தியா?

இந்தக் கதையில் மிக முக்கியமான ஆண்டு 1882. அந்த ஆண்டு வந்த சீனர் விலக்குச் சட்டத்தை நிறவெறிச் சட்டம் என்று மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது. சீனத் தொழிலாளி வரக் கூடாது என்றது அந்தச் சட்டம். வணிகரும் மாணவரும் ஆசிரியரும் வரலாம் என்றது. அதாவது, வாசலில் ஒரு வடிகட்டி பொருத்தப்பட்டது. 61 ஆண்டுகள் கழித்து, 1943இல், அந்தச் சட்டம் நீங்கியபோதும் சீனருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு வெறும் 105 இடங்கள்.

1965இல் வந்த புதிய குடியேற்றச் சட்டம் நாட்டின் அடிப்படையிலான பழைய பாகுபாட்டை நீக்கியது. குடும்ப உறவும் தொழில் திறமையும் புதிய அளவுகோல்கள் ஆயின. முதலில் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும், பிறகு சீனாவிலிருந்தும் மாணவர்களும் பொறியாளர்களும் வந்தார்கள். ஜெனிஃபர் லீ, மின் ஜோ என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய சீனரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பட்டதாரிகள். அதே காலத்தில் சீனாவில் நூற்றுக்கு நான்கு பேர்தான் பட்டதாரிகள். ஒரு நாட்டின் நூற்றில் நான்கு பேரை அள்ளி எடுத்து வேறொரு நாட்டில் வைத்துவிட்டு, ‘சீனர்கள் படிப்பாளிகள்’ என்று சொன்னால் அது எந்த வகைக் கணக்கு?

சராசரிக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். 1982இல் நியூயார்க் சைனாடவுனில் ஏறத்தாழ 20,000 தையல் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள். இன்றும் அங்கே குடியேறிய சீனரில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களின் விகிதம் அமெரிக்காவில் பிறந்தவர்களிடம் உள்ளதைவிட அதிகம். முனைவர் பட்டம் பெற்றவரும் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவரும் ஒரே சராசரிக்குள் இருக்கிறார்கள். வெளியே தெரிவது முதலாமவர் மட்டும்தான்.

இனி கென்யர். 1950களில் கென்யா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. கறுப்பின இளைஞர்களுக்கு அங்கே உயர்கல்வி இடங்கள் சொற்பம். அப்போது ஒரு தொழிற்சங்கத் தலைவர் வெளியே ஒரு வாசலைத் திறந்தார். அவர் பெயர் டாம் எம்போயா. சைசல் நார்த் தோட்டத்தில் வேலை செய்தவரின் மகன். நைரோபி மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து, சங்கம் கட்டித் தலைவரானவர். அமெரிக்காவில் அவருக்காகப் பணம் திரட்ட முன்னின்றவர்களில் ஜாக்கி ராபின்சன், ஹாரி பெலஃபொன்டே, சிட்னி பாய்ட்டியே ஆகியோர் இருந்தார்கள். மூவரும் கறுப்பர்கள். 1959 செப்டம்பரில் 81 மாணவர்களோடு முதல் விமானம் நியூயார்க்கில் இறங்கியது. 1963க்குள் கென்யாவிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 800 பேர் போனார்கள். இதை ஒரு இயக்கம் திறந்த வாசல் என்றே நான் சொல்வேன்.

அந்த வாசல் வழியாக 1960இல் போனவர்களில் ஒருவர் வங்காரி மாத்தாய். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். கல்லூரிக்குப் போகும் வழியில் இந்தியானா மாநிலத்தில் ஒரு கடையில் குளிர்பானம் கேட்டபோது, வாங்கிக்கொள்ளலாம், ஆனால் உள்ளே உட்கார்ந்து குடிக்க முடியாது என்று சொல்லப்பட்டது. படிக்க வந்த மாணவி என்பது அந்தக் கடைக்குப் பொருட்டே இல்லை. இரட்டைக் குவளை இருந்த தேநீர்க் கடைகளைப் பார்த்த நமக்கு அந்தக் கடையின் வாசற்படி அந்நியமானதல்ல.

1990ஆம் ஆண்டுச் சட்டம் குலுக்கல் விசாவைக் கொண்டுவந்தது. குலுக்கல் என்றால் அதிர்ஷ்டம் என்று நினைப்போம். அதிலும் ஒரு வடிகட்டி உண்டு: பள்ளிப்படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது பயிற்சி தேவைப்படும் வேலையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். விமானக் கட்டணமும் கையில் இருக்க வேண்டும். அதனால் அமெரிக்காவில் குடியேறிய கென்யரின் கல்வித் தகுதி அந்நாட்டின் சராசரியைவிட அதிகம். ஆனால் அந்தக் கல்விக்கேற்ற வருமானம் கிடைப்பதில்லை. சொந்த ஊரில் வாங்கிய சான்றிதழ் அங்கே செல்லுபடியாகாமல், முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஏராளமான கென்யர் இருக்கிறார்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் ஊருக்கு அனுப்புகிறார்கள். 2023இல் வெளிநாடு வாழ் கென்யர் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொகை 400 கோடி டாலருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது.

இப்போது இரண்டையும் அருகருகே வைப்போம். இரண்டு சமூகமும் வடிகட்டி வழியாக வந்தவை. இரண்டிலும் படித்தவர் அதிகம். ஆனால் வாசலைத் தாண்டியதும் வேறு வேறு இடங்களில் நிறுத்தப்படுகிறார்கள். சீனர் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் அந்நியர். கென்யர் இறங்கிய அன்றே கறுப்பர். 1982இல் டெட்ராய்ட்டில் வின்சென்ட் சின் என்ற இளைஞரை இரண்டு வெள்ளையர் அடித்துக் கொன்றார்கள். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் ஒரு சீன அமெரிக்கர்மீது இறங்கியது. கொன்றவர்கள் சிறை செல்லவில்லை. 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும்தான். 1999இல் நியூயார்க்கில் கினி நாட்டிலிருந்து வந்த அமாடு டியாலோவை அவர் வீட்டு வாசலிலேயே நான்கு போலீசார் சுட்டார்கள். 41 குண்டுகள். அவர் கையில் ஆயுதம் இல்லை. நால்வரும் விடுதலை. அவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவரா, அமெரிக்காவிலேயே பிறந்தவரா என்று துப்பாக்கி கேட்கவில்லை.

சொத்துக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2022ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய வங்கியின் ஆய்வில் வெள்ளைக் குடும்பத்தின் நடுநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 45,000 டாலர் அளவு. வீட்டுக்கடனும் நல்ல பள்ளியும் நிறம் பார்த்துப் பங்கிடப்பட்ட நாட்டில், கறுப்பு உடலோடு வருபவர் அந்த வரலாற்றின் கடனையும் சேர்த்தே சுமக்கிறார்.

அப்படியானால் இந்த ஒப்பீட்டைக் கிளப்பியது யார், எப்போது? 1964இல் குடிமை உரிமைச் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம். இரண்டையும் கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திப் பெற்றார்கள். 1966 டிசம்பரில் ஒரு பெரிய அமெரிக்க வார இதழ், சீனர் யார் தயவுமின்றி உயர்ந்த சிறுபான்மை என்று கட்டுரை வெளியிட்டது. உதவி கேட்கும் கறுப்பருக்குச் சொன்ன பதில் அது. சீனர்மீது திடீரென்று வந்த அன்பு அல்ல. இன்னொருவரை அடிக்க எடுத்த கோல். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதைத் தடுத்தபோது, அந்த வழக்கிலும் முன்னிறுத்தப்பட்டவர்கள் ஆசிய மாணவர்கள்தான். இப்போது அதே கோலாகக் கென்யரையும் நைஜீரியரையும் பயன்படுத்துகிறார்கள்: கறுப்பர் வெல்லவில்லையா, பிறகு நிறவெறி எங்கே என்கிறார்கள்.

இதில் மறைக்கப்படும் உண்மை ஒன்று உண்டு. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியதற்குப் பின்னால் குடிமை உரிமை இயக்கம் இருந்தது. எம்போயாவின் விமானத்துக்குக் காசு திரட்டியவர்களில் கறுப்பர் முன்னணியில் இருந்தார்கள். சீனரும் கென்யரும் நுழைந்த வாசலைத் திறக்கத் தோள் கொடுத்தவர்களைத்தான் இன்று அந்த இருவரையும் காட்டி இழிவுபடுத்துகிறார்கள்.

தோழர்களே, இங்கே நமக்கு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் உயர்ந்த இந்தியர் என்ற பெருமையையும் இதே கணக்கில் போடுங்கள். பொறியியல் கல்லூரியும் ஆங்கிலமும் நிலமும் யாரிடம் இருந்தனவோ அவர்களே பெரிதும் அந்த விமானத்தில் ஏறினார்கள். கூடவே சாதியும் ஏறியது. அதனால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து தீர்மானிக்க வேண்டி வந்தது.

ஆனால் அடுத்தவரைச் சுட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் இந்த உரை அரைகுறை. நமக்குள்ளேயே இந்த ஒப்பீடு நடக்கிறது. 2009இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றபோதும், நம் கூட்டங்களிலேயே ஒரு பேச்சு கேட்டது: நாங்கள் படித்து வந்தோம், அவர்கள் ஏன் வரவில்லை? உள் ஒதுக்கீட்டை எப்படிச் செய்வது என்று விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி 1966இன் கேள்வி. மிஷன் பள்ளி எந்தச் சேரிக்கு முதலில் வந்தது, ராணுவத்திலும் ரயில்வேயிலும் கோலார் சுரங்கத்திலும் யாருக்கு வேலை கிடைத்தது, மலக்குழிக்குள் யார் இறக்கப்பட்டார்கள் என்று கேட்காமல் எழும் கேள்வி அது. வாசலைப் பற்றிக் கேட்காதவர் குணத்தைப் பற்றித்தான் பேசுவார். குணத்தைப் பற்றிய பேச்சு சாதியின் பேச்சு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது இரண்டு சமூகங்களை ஒப்பிட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாசலில் யாரை விட்டார்கள், யாரைத் தடுத்தார்கள்? சராசரிக்குக் கீழே யார் மறைந்திருக்கிறார்கள்? இந்த ஒப்பீடு யாரை அடிக்கப் பயன்படுகிறது?

முதல் கேள்வியை நம் அரசிடமே கேட்கலாம். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள்; அதில் நாடு முழுவதிலும் உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கு 115. 2022இல் வந்த விதி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவி கிடையாது என்றது. வெளியே போய்ச் சாதியைப் படிக்காதே என்பதுதான் அதன் பொருள். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன ஒரு மாணவர் அங்கே எழுதிய கட்டுரை சாதியைப் பற்றியது. அந்த மாணவர் இன்று விண்ணப்பித்தால் இந்த விதி அவரைத் திருப்பி அனுப்பும்.

எம்போயா வாசல் தானாகத் திறக்கும் என்று காத்திருக்கவில்லை. 81 பேரோடு ஒரு விமானம் போதும் என்று தொடங்கினார். அந்த விதியை நீக்கக் கோரும் விண்ணப்பம் அரங்க வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பாடு இருந்தால் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.